பொன்மெழுக்கு

காலை ஏழு மணிக்கே செல்லூர் வழிப்பகத்தில் பன்னிரண்டு பேர் சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பூங்கோதை ஏழாவது ஆளின் அக்குளில் வழிகரண்டியை வைத்து மேலிருந்து கீழாக இழுத்தாள். பழைய நெய்போல மஞ்சளாக, மெல்ல நூல் விட்டுக்கொண்டு மெழுக்கு சுருண்டு வந்தது. கரண்டியை வாளியின் விளிம்பில் தட்டினாள். தொப்பென்று விழுந்தது.

“காதுக்குப் பின்னாடியும் நல்லா எடுத்து விடும்மா. நேத்து பஸ்ல முன் சீட்டுக்காரர் தோள்ல ஒழுகிருச்சு. சண்டைக்கே வந்துட்டாரு” என்றார் அவர். மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். வாரம் மூன்று முறை வருகிறவர்.

பூங்கோதை உதட்டை மூடிக்கொண்டே கரண்டியைத் துடைத்தாள். வாயைத் திறந்தால் வாடை நாக்கில் ஒட்டிக்கொள்ளும். நாள்கணக்கில் ஊறிய ரப்பர் செருப்பும் காறலடித்த எண்ணெயும் கலந்த வாடை அது. ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் மூக்கு மரத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. மெழுக்கு வழியும் கையோடு பஜ்ஜி வாங்கித் தின்றார்கள், பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சினார்கள். அவளுக்கு மட்டும் பழகவே இல்லை. இப்போது வயிற்றில் ஐந்து மாதம். வாடை இரண்டு மடங்காகத் தெரிந்தது.

வாத்தியாரின் காது மடலுக்குப் பின்னால் கரண்டி நுனியை விட்டாள். ஒரு விரல் நீளத்துக்குக் கொழகொழவென்று வந்தது. அதற்குள் இரண்டு நரைமுடியும் ஓர் எறும்பும் ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் கரண்டியைப் போட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடி வாந்தி எடுத்தாள்.

“மசக்கை” என்று சிரித்தார் வாத்தியார், பக்கத்தில் இருந்தவரிடம்.

அந்த மெழுக்கு யாரையும் ஒன்றும் செய்யாது. அதுதான் அதன் பெருமை. பதினாறு வருடங்களுக்கு முன்னால் நிலைமை வேறு. கொத்துக்கிருமி என்று ஒன்று, உருப்பெருக்கியில் பார்த்தால் திராட்சைக் கொத்துபோல இருக்கும், திரண்டால் பொன்னிறமாகத் தெரியும், எல்லோர் தோலிலும் காலங்காலமாகச் சும்மா இருந்தது. எந்த மருந்துக்கும் அடங்காத ஒரு வகை அதில் கிளம்பியது. ஷேவிங் கீறல், முழங்கால் சிராய்ப்பு, கொசு கடித்துச் சொறிந்த இடம் என்று எங்கே வழி கிடைத்தாலும் உள்ளே போய்க் கட்டியாக வீங்கி, சீழ் கோத்து, சதையைத் தின்றது. பூங்கோதையின் அண்ணன் முத்துவேல் கபடி ஆடுகிறவன். முழங்காலுக்குப் பின்னால் கொண்டைக்கடலை அளவு ஒரு கட்டி வந்தது. பன்னிரண்டாம் நாள் அவனை எரித்தார்கள். கடைசி மூன்று நாள் அந்தக் காலிலிருந்து வந்த நாற்றத்துக்கு அவனே மூக்கைப் பொத்திக்கொண்டான். அப்போது பூங்கோதைக்குப் பத்து வயது.

பிறகு நஞ்சுப்பூட்டு வந்தது. அதைச் செய்தவர்கள் கிருமியைக் கொல்வதையே கைவிட்டார்கள். கொல்லக் கொல்லத்தானே தப்பித்தது வீரியமாகிறது? கொல்லாமல் விட்டு, அது கக்கும் நஞ்சை மட்டும் பிடித்துவிட்டால் போதும் என்றார்கள். மேல்கையில் தோலுக்கடியில் அரிசி அளவில் நான்கு மணிகள். அவற்றிலிருந்து கசியும் புரதம் நஞ்சு உண்டான இடத்திலேயே அதைக் கவ்விக்கொள்ளும். கிருமி பல் பிடுங்கிய பாம்பாகிவிடும். மூன்றே மாதத்தில் சாவு நின்றது. மக்கள் பட்டாசு வெடித்தார்கள். இரண்டாம் வருடம்தான் மெழுக்கு தெரியத் தொடங்கியது. அடக்க ஆளில்லாமல் பெருகிய கிருமி, தோல் மடிப்புகளிலெல்லாம் படலம் படலமாகத் தங்கியது. வலி இல்லை, அரிப்பு இல்லை, காய்ச்சல் இல்லை. வழித்துப் போட்டால் ஆயிற்று. உயிரோடு இருக்கிறோமே, அது போதாதா என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பூங்கோதையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே தன்னை ஒரு நாளைக்கு நான்கு முறை வெந்நீரும் பிரஷும் வைத்துத் தோல் சிவக்கத் தேய்த்துக்கொண்டாள்.

அந்த வாரம் கர்ப்பப் பதிவுக்குப் போனபோது குழவிக்கூடத்தைக் கட்டாயம் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றார்கள். பிறந்த குழந்தையின் உடம்பு பூட்டைத் தாங்காது. ஆறு மாதம் ஆக வேண்டும். அதுவரை பூட்டில்லாத குழந்தையை மெழுக்குக் கை தொட்டால் ஒரே நாளில் கொப்பளித்துவிடும். அதனால் குழந்தைகள் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருந்தன. பெட்டியின் பக்கவாட்டில் ரப்பர் கையுறைகள் உள்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. தாய்மார்கள் அவற்றுக்குள் கையை விட்டுத் தங்கள் பிள்ளைகளைத் தடவினார்கள். ஒரு குழந்தை, பால் தேடி, கையுறையின் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே தாய்மார்கள் முகம் பதித்த இடங்களில் மஞ்சள் மஞ்சளாகக் கன்னமும் மூக்கும் அப்பிக் கிடந்தன. ஒரு பணியாள் துணியோடு சுற்றிச் சுற்றி வந்து அவற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“தாய்ப்பால்?” என்று கேட்டாள் பூங்கோதை.

“பீய்ச்சிக் குடுத்தீங்கன்னா காய்ச்சிக் குடுப்போம்” என்றாள் நர்ஸ். “காம்புக்குள்ளயும் மெழுக்கு இருக்கும்ல? பயப்படாதீங்க. ஆறு மாசம் ஓடிரும்.”

பூங்கோதை கையுறை சப்பிய குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டில் சோலைராஜ் குளித்துவிட்டு வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அவள் கணவன். மாநகராட்சியில் குழாய் அடைப்பு எடுக்கிற வேலை. ஊரின் மெழுக்கெல்லாம் சாக்கடைக் குழாயில் போய்ச் சோப்புக்கட்டிபோல இறுகும். அதைக் கடப்பாரையால் உடைத்து அள்ளுவான். எவ்வளவு குளித்தாலும் அவன் தோல் பளபளத்தது. அவள் அவன் பிடரியில் கரண்டியை வைத்து வழித்தாள்.

“நான் பூட்டை எடுத்துரப் போறேன்” என்றாள்.

அவன் திரும்பினான். “என்ன சொல்ற?”

“என் பிள்ளையை ரப்பரைப் போட்டுத் தொடமாட்டேன்.”

“உங்கண்ணன் எப்படிச் செத்தாருன்னு நீதான எனக்குச் சொன்ன? அழுகிச் செத்தாருன்னு?”

“ஆமா.”

“அப்புறம்?”

“நாமளும் அழுகித்தாங்க கெடக்கோம். வலிக்கலை, அவ்வளவுதான்.” அவள் கரண்டியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். “மோந்து பாருங்க. உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?”

அவன் மோந்து பார்த்தான். உண்மையாகவே முயன்றான். தெரியவில்லை. அன்று அவன் சாப்பிடாமல் வெளியே போய்விட்டான்.

அழகர்கோவில் சாலையில் மூடிக்கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தில் பூட்டை உடம்பு ஏற்காதவர்களை வைத்திருந்தார்கள். லட்சத்தில் இரண்டு மூன்று பேருக்கு அப்படி. பூட்டு வைத்தால் மூச்சு முட்டி விழுவார்கள். அவர்களைச் சீழ்க்காரர்கள் என்று ஊர் சொன்னது. சாலையில் அந்த இடத்தைக் கடக்கும்போது பஸ்ஸில் ஜன்னலைச் சாத்துவார்கள். உடம்பெல்லாம் மெழுக்கு ஒழுகுகிறவர்கள்தான் சாத்துவார்கள்.

பூங்கோதை போனபோது டாக்டர் நிலோஃபர் பந்தி நடக்கும் கூடத்தில் ஒருவருடைய இடுப்புக் கட்டியை அழுத்திக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். முகத்தில் பெரிய மூடி, கையில் முழங்கை வரை உறை. பூட்டு செய்த ஆய்வுக்குழுவில் இளையவராக இருந்தவர். அங்கிருந்து விலகி இங்கே வந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டார்கள்.

“கயித்துக்கு அந்தப் பக்கமே நில்லுங்க” என்றார் அவர், நிமிராமல். “உங்க கை பட்டா இவருக்கு இன்னும் நாலு கட்டி வரும்.”

கட்டி உடைந்தது. பச்சை கலந்த மஞ்சளில் சீழ் பீறிட்டு டாக்டரின் உறையில் வழிந்தது. அதன் பின்னால் ரத்தம். ஆனால் பூங்கோதை கவனித்தது வேறொன்று. கட்டிகளுக்கு இடையே அந்த மனிதரின் தோல் வறண்டிருந்தது. மொரமொரப்பாக, ரோமம் தனித்தனியாக நிற்க, வெறும் தோலாக இருந்தது. அப்படி ஒரு தோலை அவள் பார்த்துப் பதினான்கு வருடம் இருக்கும்.

“இவருக்கு ஏன் மெழுக்கே இல்ல?”

டாக்டர் அப்போதுதான் அவளைப் பார்த்தார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை போலும். உறையைக் கழற்றிவிட்டு வந்து கயிற்றுக்கு மறுபக்கம் நின்றார்.

“இந்தச் சீழ் என்னன்னு தெரியுமா? செத்துப்போன வெள்ளணு. கிருமியைத் தின்ன வர்ற ரத்த அணு. கொத்துக்கிருமியோட நஞ்சு அதுமேல பட்டதும் ஓட்டை போட்டுரும். அணு வெடிச்சுச் செத்துரும். அந்தக் காலத்துல ஜனங்க ஏன் அப்படிச் செத்தாங்க? மருந்தும் கிருமியைக் கொல்லல, உள்ளே இருக்கற சிப்பாய்களையும் நஞ்சு கொன்னுருச்சு. மிச்சம் யார் இருக்கா?”

“அதனாலதான பூட்டு.”

“அதனாலதான். ஆனா நாங்க ஒண்ணைச் சரியா பார்க்கல.” அவர் குரல் தணிந்தது. “அதே நஞ்சோட தடத்தைப் பிடிச்சுத்தான் வெள்ளணு கிருமி இருக்கற இடத்துக்கு வந்து சேருது. வெள்ளணுவுக்கு அதுதான் அபாயச் சங்கு. ஒரு சொட்டு விடாம பூட்டிட்டோம்னா சங்கு ஊதவே ஊதாது. உடம்பு தூங்கும். இன்னொண்ணு, அந்த நஞ்சு சோப்பு மாதிரி. கிருமிப் படலத்தைக் கரைச்சுக் கரைச்சு மெலிசா வச்சிருக்கும். அதையும் பிடிச்சுட்டா படலம் தடிச்சுக்கிட்டே போகும். அதைத்தான் நீங்க வாளி வாளியா வழிக்கிறீங்க.”

“இவங்கல்லாம் பொழைக்கிறாங்களா?”

“முதல் தடவை மோசமாத்தான் வரும். நாற்பத்தாறு பேர்ல ஒன்பது பேரை இழந்துட்டேன். தாண்டினவங்களுக்கு ரத்தத்துல நஞ்சுக்கு எதிர்ப்பொருள் ஊறுது. அது பூட்டு மாதிரி மொத்தத்தையும் பிடிக்காது. பாதியைப் பிடிக்கும், பாதியை விடும். சங்கும் ஊதும், சிப்பாயும் சாகமாட்டான். மூணாவது தடவை வர்ற கட்டி மிளகு அளவுதான். இங்கேயே ரெண்டு குழந்தைங்க பிறந்திருக்கு. தாயோட ரத்தத்துலேர்ந்து எதிர்ப்பொருள் போயிருக்கு. பெட்டியும் இல்ல, பூட்டும் இல்ல.”

பூங்கோதை வந்த காரியத்தைச் சொன்னாள். டாக்டர் முடியாது என்றார். பூட்டை எடுப்பது சட்டப்படி குற்றம். அதைவிட, இத்தனை வருட மெழுக்கோடு பூட்டை எடுத்தால் அத்தனை கிருமியும் ஒரே நேரத்தில் நஞ்சைக் கக்கும். இரண்டு நாள்கூடத் தாங்காது. “ஒரு நாள் மெழுக்கு பத்து கிராமுக்குள்ள இருந்தா யோசிக்கலாம். ஊர்ல சராசரி நாற்பது.”

“எனக்கு எடை போட்டுப் பாருங்க.”

டாக்டர் ஒரு தகரக் குப்பியைத் தூக்கிப் போட்டார். மறுநாள் அவள் தன் ஒரு நாள் மெழுக்கை அதில் வழித்துக் கொண்டுவந்து எடை போட்டபோது ஆறு கிராம்தான் இருந்தது. டாக்டர் தராசை இரண்டு தடவை சரிபார்த்தார்.

“என்ன பண்றீங்க நீங்க?”

“அருவருப்பா இருக்கும் டாக்டரம்மா. தேய்ச்சுக்கிட்டே இருப்பேன்.”

மூன்று நாள் யோசித்துவிட்டு டாக்டர் ஒப்புக்கொண்டார். குழந்தை போய்விடலாம், நீங்களும் போய்விடலாம் என்று எழுதி வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். சோலைராஜ் அன்று கயிற்றுக்கு வெளியே நின்றான். வாரத்துக்கு ஒரு மணியாக நான்கு வாரத்தில் பூட்டை எடுத்தார்கள்.

நான்காம் மணி போன மூன்றாம் நாள் தொடையின் உட்புறத்தில் முதல் கட்டி தெரிந்தது. அண்ணனுக்கு வந்த அதே கொண்டைக்கடலை. சாயங்காலத்துக்குள் எலுமிச்சை ஆயிற்று. அடுத்து இடுப்பில், முதுகில், மார்பின் கீழ் மடிப்பில். எண்ணிக்கை பதினொன்றானதும் அவள் எண்ணுவதை நிறுத்தினாள். தோல் பளபளவென்று சிவந்து, சூட்டில் துடித்து, நடுவில் ஒரு வெள்ளைக் கண் திறக்கும். அது உடைந்ததும் சூடாக வழியும். படுக்கை விரிப்பு காய்ந்து அப்பளம்போல விறைத்து அவளோடு ஒட்டிக்கொண்டது. பிரிக்கும்போது தோலும் வந்தது. அழுகிய முட்டையின் வாடை தன்னிடமிருந்துதான் வருகிறது என்று தெரிந்தபோது தன் உடம்பை விட்டு எங்காவது எழுந்து ஓட முடிந்தால் தேவலை என்று இருந்தது. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் அழுக்கைக் கண்டு ஓடியவள் அவள். இப்போது ஓடுவதற்கு இடமில்லை.

ஆறாம் நாள் மத்தியானம் காய்ச்சல் நூற்றைந்தைத் தொட்டது. தொடைக் கட்டியைச் சுற்றி ஊதா நிறம் பரவியது. டாக்டர் கத்தியால் கீறி விரலை உள்ளே விட்டுச் சுற்றினார். சீழ் கோத்த சதையில் மரத்துப்போகும் ஊசி பிடிக்காது என்பதால் போடவில்லை. பூங்கோதை மண்டபம் அதிரக் கத்தினாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த சீழ்க்காரப் பெண் எழுந்து வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். கட்டு போட்ட வயிறு, ஈரமான கட்டு. அந்த ஈரத்தில் பூங்கோதை முகத்தைப் புதைத்து அழுதாள். அப்போது அவளுக்குக் குமட்டவில்லை.

சோலைராஜ் தினமும் வந்தான். அவன் தொட்டது எதையும் அவளிடம் தர முடியாது. இளநீர் மட்டும் முழுக்காயாகக் கொண்டுவந்து வாசலில் வைப்பான். பணியாள் வெளிமட்டையைக் கொதிநீரில் கழுவி வெட்டித் தருவார்.

“பிள்ளை அசையுதா?” என்று கயிற்றுக்கு அப்பாலிருந்து கேட்பான்.

“அசையுது.”

“நீ?”

“நாறுறேன்.”

“எனக்குத்தான் தெரியாதே” என்பான் அவன். அவள் அந்த நிலையிலும் சிரித்தாள்.

பதினெட்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. இரண்டாம் முறை ஐந்து கட்டி வந்தது. மூன்றாம் முறை, டாக்டர் சொன்ன மிளகு. கிள்ளி எறிந்த மாதிரி இரண்டே நாளில் காய்ந்தது. ஒரு காலை அவள் தன் முழங்கையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். தோல் கிறீச்சிட்டது. தழும்பும் குழியுமாக, சொறிபிடித்த சுவர்போல இருந்த தோல். அதில் பிசுக்கே இல்லை.

நிறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. தொப்புள்கொடி அறுத்த கையோடு டாக்டர் அதைத் தூக்கி அவள் மார்பில் போட்டார். குழந்தை தேடித் தேடிக் காம்பைப் பிடித்தது. ஒன்பதாம் நாள் அதன் தொடை இடுக்கில் கடுகு கடுகாக நான்கு கொப்பளம் கண்டது. பூங்கோதை மூன்று நாள் அதைக் கீழே விடவில்லை, தானும் கண் மூடவில்லை. பன்னிரண்டாம் நாள் கொப்பளம் பொருக்காகி உதிர்ந்தது. அந்தப் பொருக்கு ஒன்றை டாக்டர் விரல் நுனியில் வைத்து வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

தோல் ஆய்வாளர் தனுஷ்கோடி வந்தது குழந்தைக்கு இருபத்தாறு நாள் ஆனபோது. மாவட்டத்தில் பூட்டு இல்லாமல் யாரும் இருக்கக் கூடாது என்பதற்குப் பொறுப்பான அதிகாரி. இரண்டு காவலர்களோடும் ஒரு கண்ணாடிப் பெட்டியோடும் வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, காலர் மட்டும் உள்ளிருந்து மஞ்சளாக ஊறியிருந்தது.

“பூட்டை எடுத்தது குற்றம். அதை அப்புறம் பேசலாம்” என்றார் டாக்டரிடம். “பிறந்த குழந்தையை அழுகற கூட்டத்துக்கு நடுவுல போட்டிருக்கீங்க. முதல்ல அதைக் குடுங்க.”

“இங்க கயிறு எதுக்குக் கட்டியிருக்குன்னு தெரியுமா சார்?” என்றார் நிலோஃபர். “உங்ககிட்டேர்ந்து இவங்களைக் காப்பாத்த.”

பூங்கோதை குழந்தையோடு கயிற்றருகே வந்தாள். குழந்தை உடம்பில் ஒட்டுத் துணி இல்லை. அவள் தோள்மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. தனுஷ்கோடி பார்த்தார். பத்து வருடமாக எத்தனையோ ஆயிரம் குழந்தைகளைப் பெட்டிக்குள் பார்த்தவர். ஒரு குழந்தை இன்னொரு மனிதத் தோலின்மேல் கிடப்பதைப் பார்த்ததில்லை. அவருடைய வலது கை தானாக நீண்டது.

“தொடாதீங்க!” என்று அலறினாள் பூங்கோதை. “அய்யய்யோ, அந்தக் கையோட தொடாதீங்க!”

அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். விரலிடுக்குகளில் மஞ்சள் மினுங்கியது. காலையில் வழித்ததுதான். மறுபடி ஊறியிருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தில் தெரிந்த அருவருப்பை, அவள்மேல் தனக்கு இருக்க வேண்டிய அருவருப்பை, அவர் கொஞ்ச நேரம் புரியாமல் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“எனக்கும் எடுக்க முடியுமா?” என்று கேட்டார் கடைசியில். காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டாக்டர் குப்பியைக் கொடுத்தார். மறுநாள் அவர் தனியாக வந்தார். நாற்பத்தெட்டு கிராம்.

“உங்களால முடியாது சார். எடுத்தா ரெண்டு நாள். ஒவ்வொரு வருஷமும் பூட்டுக்கு அடியில கிருமி கூடிக்கிட்டே போகுது. இந்தப் பொண்ணு மாதிரி தேய்ச்சுக்கிட்டே இருந்தவங்களைத் தவிர, பத்து வருஷம் போட்டவங்க யாரும் இனி சும்மா எடுக்க முடியாது. நீங்க போட்ட அத்தனை பேரும்.”

“வழியே இல்லையா?”

“ஒண்ணு இருக்கு. கட்டி வந்து பொழைச்சவங்க ரத்தத்துலேர்ந்து எதிர்ப்பொருளை எடுத்து ஏத்திட்டு, அப்புறம் பூட்டை எடுக்கலாம். கட்டி வரும், அழுகும், ஆனா பொழைச்சுக்கலாம். ஒருத்தர் ரத்தம் ஒரு ஆளுக்குத்தான் காணும். நாலு மாசத்துக்கு ஒரு தடவை. என்கிட்ட தேறினவங்க முப்பத்தெட்டு பேர்.”

தனுஷ்கோடி மனதுக்குள் ஊரின் தலைகளை எண்ணியிருக்க வேண்டும். உட்கார நாற்காலி கேட்டார்.

செய்தி ஒரு வாரத்தில் பரவியது. மண்டபத்துக்கு முன்னால் பஸ்கள் நின்றன, ஜன்னல்கள் திறந்தன. தகரக் குப்பியில் தங்கள் மெழுக்கை ஏந்திக்கொண்டு சாலை நெடுக ஆட்கள் நின்றார்கள். வெயிலில் குப்பிகள் இளகி வழிந்து, மரத்த மூக்குக்கும் எட்டும்படி அந்தப் பகுதியே நாறியது. வரிசையில் நின்றவர்கள் முதல் தடவையாக ஒருவர் வாடையை ஒருவர் உணர்ந்து மூக்கைப் பொத்தத் தொடங்கினார்கள். சீழ்க்காரர்களைச் சுற்றி அரசாங்கம் காவல் போட்டது. அவர்கள் வெளியே போகக் கூடாது. உடம்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். யார் ரத்தம் யாருக்கு என்று மேலே ஒரு பட்டியல் தயாராயிற்று. முதல் பக்கத்தில் பெரிய மனிதர்கள் இருந்தார்கள்.

பட்டியல் வந்து சேர்வதற்கு முந்தைய நாளே பூங்கோதை கையை நீட்டிவிட்டாள். “என்னோடது அவருக்கு” என்றாள். சோலைராஜின் ஒரு நாள் மெழுக்கு தொண்ணூறு கிராம். பட்டியலில் அவன் பெயர் எந்தப் பக்கத்திலும் வரப்போவதில்லை.

கடைசி மணி எடுத்த ஐந்தாம் நாள் அவனுக்கு அக்குளில் கட்டி கிளம்பியது. பிறகு முதுகு முழுக்க. அவள்தான் உறை போடாமல் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்தாள். அவளை இனி அது ஒன்றும் செய்யாது. அழுத்தினால் உள்ளிருந்து மூன்று நிறத்தில் வந்தது, கடைசியில் ரப்பர்போல ஒரு முளை. அதை இடுக்கியால் பிடித்து இழுத்தாள். நீளமாக வந்துகொண்டே இருந்தது. அவள் எழுந்துபோய் வாந்தி எடுத்தாள், வாய் கொப்பளித்துவிட்டு வந்து மீதியை இழுத்தாள். சோலைராஜ் தலையணையைக் கடித்துக்கொண்டு ஊளையிட்டான். காய்ச்சலில் நாலு நாள் யாரையும் அடையாளம் தெரியவில்லை. ஐந்தாம் நாள் கண்ணைத் திறந்து முகத்தைச் சுளித்தான்.

“என்னடி இது நாத்தம்?”

“நீங்கதான்.”

“சீ” என்றான் அவன். மறுபடி மோந்தான். “சீ, சீ. இதையா இத்தனை வருஷம்...” அவன் கண்ணில் நீர் வந்தது. குழந்தையைக் கேட்டான். இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும் என்று அவள் தூரத்திலிருந்து காட்டினாள்.

மாதங்கள் போயின. அவன் முதுகு கரடுமுரடாக ஆறியது. குழந்தை அவன் வயிற்றின்மேல் குப்புறப் படுத்துத் தூங்கப் பழகியது. ஒரு காலை டாக்டர் நிலோஃபர் கையில் ஒரு தாளோடு வந்தார்.

“சோலை, உங்க ரத்தம் தயார். இந்தத் தடவை யாருக்குக் குடுக்கணும்னு மேலிடத்துலேர்ந்து பேர் வந்திருக்கு. நீங்க மாட்டேன்னு சொல்லலாம். சொன்னா நான் உங்க பக்கம் நிப்பேன்.” தாளை நீட்டினார். “ஆய்வாளர் தனுஷ்கோடி.”

பூங்கோதை தாளை வாங்கவில்லை. “என் பிள்ளையைப் பெட்டியில போட வந்த ஆளு அவரு” என்றாள். “குடுக்கக் கூடாதுங்க. மெழுக்குலயே கெடக்கட்டும்.”

சோலைராஜ் குழந்தையை மெல்ல அவள் மடிக்கு மாற்றினான். முதுகில் ஒரு தழும்பு இழுத்ததும் பல்லைக் கடித்தான். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

“குடுத்துரலாம் கோதை” என்றான். “அவருக்கும் வலிக்கட்டும்.”